இடிக்கப்படவிருந்த சுவர்

1

1967 ஆகஸ்ட் மாதத்தில் சிகாகோ நகரத்தில் இரண்டு திறப்பு விழாக்கள் நடந்தன. இரண்டுக்கும் கவிதை எழுதியவர் ஒருவரே: க்வெண்டலின் ப்ரூக்ஸ்.

முதலாவது விழா ஆகஸ்ட் 15-இல், நகரத்தின் நடுமையத்தில், நீதிமன்றக் கட்டடத்தின் முன்னுள்ள திறந்த வெளியில் நடந்தது. பிக்காஸோ வடிவமைத்த 50 அடி உயர, 162 டன் எடையுள்ள எஃகுச் சிற்பத்தின் திரையை மேயர் ரிச்சர்ட் டேலி விலக்கினார். சிற்பம் பெண்ணின் தலையா, நாயா, குதிரையா என்று கூட்டத்தில் இருந்தவர்களுக்கு விளங்கவில்லை. பிக்காஸோ ஒரு லட்சம் டாலர் சன்மானத்தை மறுத்து அந்த உருவத்தை நகர மக்களுக்கு அன்பளிப்பாக்கியிருந்தார். கவிதை வேண்டுமென்று ப்ரூக்ஸிடம் கேட்டது நகர நிர்வாகம்.

இரண்டாவது, ஆகஸ்ட் 27-இல், நகரத்தின் தென்பகுதியில் 43-ஆம் தெருவும் லாங்லி அவென்யூவும் சந்திக்கும் மூலையில் நடந்தது. அங்கே இருந்தது ஒரு பழைய இரண்டு மாடிக் கட்டடம். சுமார் 60 அடி நீளம், 20 அடி உயரமுள்ள அதன் சுவரில் கறுப்பின ஓவியர்கள் சிலர் தங்கள் கைக்காசைப் போட்டு வண்ணம் வாங்கி, ஐம்பதுக்கு மேற்பட்ட மனிதர்களைத் தீட்டியிருந்தார்கள். அதற்கு மரியாதைச் சுவர் என்று பெயர். மேயர் வரவில்லை, அவரை யாரும் அழைக்கவுமில்லை. ப்ரூக்ஸ் தன் கவிதையைத் தெருவில் நின்று வாசித்தார். அவருக்கு அப்போது 50 வயது. அவருடைய முகமும் அந்தச் சுவரில் இருந்தது.

இரண்டு கவிதைகளையும் 1968-இல் வெளிவந்த தன் தொகுப்பில் ஒரே தலைப்பின் கீழ் அவர் அடுத்தடுத்து வைத்தார். இந்த அடுக்கில் ஒரு விமர்சனம் இருக்கிறது. நகரம் கேட்டு எழுதிய கவிதையில் கலைக்கும் மனிதனுக்கும் இடையே ஒரு சங்கடமும் தூரமும் இருக்கின்றன. தெருவில் வாசித்த கவிதையில் அந்தத் தூரம் இல்லை. கூட்டமும் கவிஞரும் ஒரே மூச்சில் நிற்கிறார்கள். இதை வைத்து, பிக்காஸோவுடையது அந்நியக் கலை, சுவருடையது மக்கள் கலை என்று ஒரு சூத்திரம் எழுதிவிட்டு எழுந்து போய்விடலாம். பலர் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சுவரின் சரித்திரம் இந்தச் சூத்திரத்துக்கு அடங்குவதில்லை. அது அடங்காத இடங்களில்தான் நமக்கு, அதாவது எழுதுகிறவர்களுக்கு, விஷயம் இருக்கிறது.

2

1910-இல் சிகாகோவில் கறுப்பின மக்கள் 44 ஆயிரம் பேர். 1970-இல் 11 லட்சம். பருத்தி வயல்களிலிருந்தும், தூக்கு மரங்களிலிருந்தும், வாக்குரிமை இல்லாத ஊர்களிலிருந்தும் தெற்கை விட்டுப் புறப்பட்டவர்கள் ரயிலேறி வந்து இறங்கிய நகரம் அது. 1905-இல் தொடங்கப்பட்ட 'சிகாகோ டிஃபெண்டர்' பத்திரிகை அவர்களை வடக்கே வரும்படி அழைத்துக்கொண்டே இருந்தது. வந்தவர்கள் எங்கும் குடியேற முடியவில்லை. கறுப்பருக்கு வீட்டை விற்பதில்லை, வாடகைக்கும் விடுவதில்லை என்று சொந்தக்காரர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட பத்திரங்கள் நகரத்தைக் கூறுபோட்டிருந்தன. இப்பத்திரங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1948-இல்தான். அதற்குள் தென்பகுதியின் ஒரு நீண்ட குறுகிய பட்டையில் ஒரு தனி நகரமே உருவாகிவிட்டது. ப்ரான்ஸ்வில் என்று அதற்குப் பெயர். ப்ரூக்ஸின் முதல் தொகுப்பின் தலைப்பில், 1945-இல், அந்தப் பெயர் ஏறிற்று.

நெருக்கடியில் ஒரு கலாசாரம் செழித்தது. ஸௌத் ஸைட் கம்யூனிட்டி ஆர்ட் ஸென்டர் 1940-இல் அரசாங்க வேலைத் திட்டத்தின் உதவியோடு தொடங்கிற்று. ப்ரூக்ஸ் கவிதைப் பட்டறைக்குப் போய்வந்தது அங்கேதான். அதே ஆண்டுகளில் சார்ல்ஸ் ஒயிட் என்ற இளம் ஓவியர் 'ஐந்து மாபெரும் அமெரிக்க நீக்ரோக்கள்' என்ற சுவர்ச் சித்திரத்தைத் தீட்டினார். யாரைத் தீட்டுவது என்பதை 'டிஃபெண்டர்' வாசகர்களிடையே நடத்திய வாக்கெடுப்பு முடிவு செய்தது. ஸோஜர்னர் ட்ரூத், ஃப்ரெடரிக் டக்ளஸ், புக்கர் வாஷிங்டன், ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், மரியன் ஆண்டர்ஸன் ஆகிய ஐவர் தேறினர். நாயகர்களைத் தேர்ந்தெடுப்பது யார் என்ற கேள்வி இந்தத் தெருக்களில் 1967-இல் புதிதாகக் கேட்கப்பட்டதல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். கால் நூற்றாண்டுக்கு முன்பே பத்திரிகை வாசகர்கள் அதற்கு வாக்குச் சீட்டால் பதில் சொல்லியிருந்தார்கள்.

பிறகு இடிப்பு வந்தது. நகரப் புனரமைப்பு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 1892-இல் கட்டப்பட்ட மெக்கா என்ற பிரம்மாண்டமான குடியிருப்பில், ஒரு காலத்தில் மேட்டுக்குடியினர் வாழ்ந்த அறைகளில், ஏழைக் கறுப்பர்கள் அடைந்து கிடந்தார்கள். இளம்பெண்ணாக இருந்தபோது ப்ரூக்ஸ் அங்கே ஒரு தாயத்து வியாபாரியிடம் வேலை பார்த்தார். பக்கத்திலிருந்த தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் தன் வளாகத்தை விஸ்தரிப்பதற்காக 1952-இல் மெக்கா இடிக்கப்பட்டது. அந்த இடத்தில் மீஸ் வான் டெர் ரோ கண்ணாடியாலும் எஃகாலும் க்ரௌன் ஹாலைக் கட்டினார். நவீன கட்டடக் கலையின் சிகரங்களில் ஒன்று என்று அதைப் பாடப் புத்தகங்கள் காட்டுகின்றன, உண்மையும்கூட. அது எதன் மேல் நிற்கிறது என்பதைப் பாடப் புத்தகங்கள் சொல்வது குறைவு. ப்ரூக்ஸ் சொன்னார். 1968-இன் தொகுப்பில் நீண்ட முதல் கவிதை, இல்லாமற்போன அந்த மெக்காவைப் பற்றியது. சுவரைப் பற்றிய கவிதை அதே புத்தகத்தில் பின்னால் வருகிறது. இடிந்த கட்டடத்தில் தொடங்கி, இடிக்கப்படவிருந்த கட்டடத்துக்கு வந்து சேரும் புத்தகம் அது.

ஆம், 43-ஆம் தெருவின் அந்த மூலைக் கட்டடமும் இடிப்புப் பட்டியலில் இருந்ததுதான். ஓவியர்கள் இதை அறிந்தே தீட்டினார்கள்.

3

1967-இன் தொடக்கத்தில் பத்திரிகை ஆசிரியர் ஹாய்ட் ஃபுல்லர், கவிஞர் கான்ராட் கென்ட் ரிவர்ஸ், சமூகவியல் மாணவர் ஜெரால்ட் மெக்வொர்ட்டர் ஆகியோர் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஓபாஸி' என்று உச்சரித்தார்கள். யொரூபா மொழியில் தலைவனைக் குறிக்கும் 'ஓபா' என்ற சொல் அதில் ஒலிக்க வேண்டும் என்பது எண்ணம். எழுத்தாளர்களுக்கு ஒரு பட்டறை, ஓவியர்களுக்கு ஒரு பட்டறை. ஓவியப் பட்டறைக்கு ஜெஃப் டொனால்ட்ஸன் பொறுப்பு. சேர்ந்து செய்ய ஒரு வேலை தேடிக்கொண்டிருந்த அவர்களிடம், தனக்குப் பழக்கமான அந்தத் தெருமூலையை வில்லியம் வாக்கர் சொன்னார்.

யாரைத் தீட்டுவது? வாக்கெடுப்பு இல்லை. மாதக்கணக்கில் பேசினார்கள். மூன்று அளவுகோல்களை வகுத்துக்கொண்டார்கள். தன் பாணியில் கறுப்பு வாழ்க்கையின் அழகையும் மேதைமையையும் நேர்மையாகப் பிரதிபலிப்பவராக இருக்க வேண்டும். தன்னைவிடத் தாழ்ந்த நிலையில் இருக்கும் கறுப்பின மக்களை மறந்துவிடாதவராக இருக்க வேண்டும். இன்னொருவர் நகல் செய்யவோ அந்த இடத்தை நிரப்பவோ முடியாதபடி தன் காரியத்தைச் செய்பவராக இருக்க வேண்டும்.

இந்த மூன்றையும் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். முதலாவது அழகியல், இரண்டாவது அறம், மூன்றாவது மறுபடியும் கலை சார்ந்தது. இயக்கத்துக்கு உழைத்தவரா, கட்சியில் இருந்தவரா, வெள்ளையர் பாராட்டினரா என்ற கேள்விகள் இதில் இல்லை. மரியாதை என்பதைப் புகழிலிருந்து பிரித்தெடுக்க ஓவியர்கள் சிலர் உட்கார்ந்து செய்த முயற்சி இது. சிலை திறப்புகளுக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

ஸில்வியா அபர்நதி என்ற பெண் சுவரைப் பகுதிகளாகப் பிரித்து முழு அமைப்பையும் வகுத்தார். ஜாஸ் பகுதியில் சார்லி பார்க்கர், தெலோனியஸ் மங்க், மைல்ஸ் டேவிஸ், நீனா ஸிமோன். அந்த ஜூலையில்தான் இறந்துபோன ஜான் கோல்ட்ரேன். வாட்ஸ்வொர்த் ஜேரல் தீட்டிய பகுதியில் மடி வாட்டர்ஸ், ரே சார்ல்ஸ், அரீதா ஃப்ராங்க்ளின். மிர்னா வீவர் விளையாட்டு வீரர்களைத் தீட்டினார். ராணுவத்தில் சேர மறுத்ததற்காகப் பட்டம் பறிக்கப்பட்டிருந்த முகமது அலி அதில் இருந்தார். எட்வர்ட் க்ரிஸ்மஸ் எழுத்தாளர்களைத் தீட்டினார்: டுபாய்ஸ், பால்ட்வின், அமிரி பராக்கா, ப்ரூக்ஸ். நாடகப் பகுதி பார்பரா ஜோன்ஸுடையது. சுவரையொட்டி நின்ற பத்திரிகைக் கடைப் பெட்டியைக்கூட விடவில்லை. அதில் கரோலின் லாரன்ஸ் நடனத்தைத் தீட்டினார். ஓவியத்தோடு புகைப்படங்களும் சுவரில் பதிக்கப்பட்டன.

ஒரு முகம் இல்லை. மார்ட்டின் லூதர் கிங். 1966 கோடை முழுவதும் கிங் இதே சிகாகோவில் வீட்டு வசதி உரிமைக்காக ஊர்வலம் போனவர். மார்க்கெட் பூங்காவில் கல்லடி பட்டவர். 1966 ஆகஸ்ட் 26-இல் மேயர் டேலியோடு அவர் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் தெருவில் எதுவும் மாறவில்லை என்று இளைஞர்கள் நினைத்தார்கள். அந்த ஆண்டு ஜூனிலேயே ஸ்டோக்லி கார்மைக்கேல் மிஸிஸிப்பியில் 'கறுப்பு அதிகாரம்' என்ற கோஷத்தை எழுப்பியிருந்தார். 1967 ஜூலையில் நூவர்க் எரிந்தது. டெட்ராய்ட் எரிந்து 43 பேர் செத்தார்கள். அந்தக் கோடையில் தீட்டப்பட்ட அரசியல் பகுதியில் மால்கம் எக்ஸ், கார்மைக்கேல், மார்க்கஸ் கார்வி இருந்தார்கள்; கிங் இல்லை. எட்டு மாதத்தில் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். பிறகு அந்த நாட்டில் கறுப்பர் வாழும் பகுதிகளில் அவர் முகம் இல்லாத சுவரைத் தேட வேண்டியிருந்தது. சாவு தேர்ந்தெடுக்கும் நாயகர்கள் வேறு, ஓவியர்கள் தேர்ந்தெடுக்கும் நாயகர்கள் வேறு. விடுபட்டது அநியாயமா என்று இன்று கேட்பது சுலபம். கேட்க வேண்டியதும்தான். ஆனால் அந்த இடைவெளிதான் சுவரை 1967-இன் சுவராக்குகிறது. எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் சுவருக்குத் தேதி கிடையாது.

4

சுவர் சரித்திரத்தில் அதிகம் பேசப்படாத அத்தியாயம் இனிமேல்தான்.

மதப் பகுதியை வாக்கர் தீட்டினார். அதில் 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' தலைவர் எலைஜா முகமது இடம்பெற்றிருந்தார். அவரை விட்டு விலகி, 1965-இல் கொல்லப்பட்ட மால்கம் எக்ஸும் அதே சுவரில் இருந்தார். மால்கம் இருக்கும் சுவரில் தன் உருவம் இருக்கக் கூடாது என்று எலைஜா முகமது தரப்பிலிருந்து ஆட்சேபம் வந்தது. வாக்கர் அந்த உருவத்தை எடுத்துவிட்டு அங்கே நாட் டர்னரை வைத்தார். 1831-இல் வர்ஜீனியாவில் அடிமைகளைத் திரட்டிக் கலகம் செய்து தூக்கிலிடப்பட்ட போதகர் அவர். உயிரோடிருப்பவரைத் தீட்டுவதில் உள்ள தொல்லை இது. சுவரில் ஏறியவர் சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுகிறார். நாட் டர்னர் யாரோடும் தகராறுக்கு வரமாட்டார்.

இது சிரித்துவிட்டுப் போகக்கூடியது. அடுத்தது அப்படியல்ல. அரசியல் தலைவர்கள் பகுதியைத் தீட்டியவர் நார்மன் பாரிஷ். அந்த இலையுதிர் காலத்துக்குள் அவருடைய பகுதி முழுவதும் வெள்ளையடிக்கப்பட்டது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. வெள்ளையடித்தது நகராட்சியோ போலீஸோ அல்ல. வாக்கரின் சம்மதத்தோடு, சுவரின் சொந்தத் தரப்பிலேயே அது நடந்தது. யூஜின் ஈடா வேட் என்ற இன்னோர் ஓவியர் அதே இடத்தில் வேறொரு சித்திரத்தைத் தீட்டினார். தெருவில் வாழ்பவர்களுக்குப் பாரிஷின் ஓவியம் திருப்தி தரவில்லை, சுவர் அவர்களுடையது, ஓவியர்களுடையதல்ல என்பது வாக்கரின் தரப்பு. கூடிப் பேசி முடிவெடுத்துச் செய்த காரியத்தில் கூடிப் பேசாமல் ஒருவர் கை வைக்கலாமா என்பது டொனால்ட்ஸன் போன்றவர்களின் தரப்பு. அந்த விரிசல் ஆறவில்லை. ஓவியப் பட்டறை விரைவில் கலைந்துபோயிற்று.

மக்கள் கலை என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டக் கூடாது. 'மக்களுக்குப் பிடிக்கவில்லை' என்ற வாக்கியத்தை அதிகாரம் எப்போதும் உபயோகித்து வந்திருக்கிறது. 1934-இல் ராக்கஃபெல்லர் கட்டடத்தில் டியேகோ ரிவேராவின் சுவரோவியத்தை லெனின் முகத்துக்காக உடைத்தெறிந்தவர்களிடமும் ஒரு பொதுஜனம் இருந்தது, வாடகைக்கு வரவிருந்த பொதுஜனம். வாக்கரை அவர்களோடு ஒரே தராசில் வைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. வாக்கர் ஆண்டுக்கணக்கில் அந்தத் தெருக்களோடு உறவு வைத்திருந்தவர். அங்கிருந்தவர்களின் முகச்சுளிப்பு அவருக்குச் செய்தியாக அல்ல, நேராகத் தெரிந்திருக்கும். தனியொருவரின் கையெழுத்து வேண்டாம், இது கூட்டுப் படைப்பு என்று தொடங்கிய காரியத்தில், என் பகுதி என்று பாரிஷ் எதைச் சொல்ல முடியும் என்றும் கேட்கலாம். கேட்டாலும், ஒருவர் வெயிலில் சாரத்தில் நின்று தீட்டியதை அவர் இல்லாதபோது இன்னொருவர் சுண்ணாம்பால் மூடினார் என்ற உண்மை அப்படியே இருக்கிறது. சுவர் மரியாதையைப் பற்றியது. சுவரில் வரையப்பட்டவர்களுக்குக் கிடைத்த மரியாதை வரைந்தவருக்குக் கிடைக்கவில்லை.

இதனால் சுவரே பொய் என்றாகிவிடாது. பாரிஷின் இழப்பையும் ஈடாவின் ஓவியத்தையும் ஒன்றால் ஒன்றை ரத்துச் செய்யாமல் இரண்டையும் கணக்கில் வைத்துக்கொள்வதே நேர்மை என்று படுகிறது. பாரிஷ் பிற்பாடு வாஷிங்டனில் ஓவியக் கூடம் ஒன்றை நடத்தி, கறுப்பின ஓவியர்கள் பலரின் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார். 2013-இல் காலமானார். தன் சுவர் பறிபோன ஒருவர் மற்றவர்களுக்குச் சுவர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

5

அந்த மூலையில் கவிதை வாசித்தார்கள், இசைத்தார்கள், கூட்டம் போட்டார்கள். வெளியூரிலிருந்து பார்க்க வந்தார்கள். இடிப்புப் பேச்சு எழுந்தபோது அப்பகுதியினர் எதிர்த்து நின்றார்கள். 1969-இல் எதிர்ப்புறக் கட்டடத்தில் 'உண்மைச் சுவர்' எழுந்தது. சிகாகோவின் சுவரைப் பார்த்து டெட்ராய்டில், ஸெயின்ட் லூயிஸில், வேறு நகரங்களில் சுவர்கள் முளைத்தன. வாக்கரும் ஈடாவும் 1968-இல் டெட்ராய்டுக்குப் போய் அங்கே தீட்டினார்கள். டொனால்ட்ஸன், ஜேரல், பார்பரா ஜோன்ஸ் முதலானவர்கள் அதே ஆண்டில் 'ஆஃப்ரிகோப்ரா' என்ற குழுவைத் தொடங்கினார்கள். 1971-இல் மரியாதைச் சுவர்க் கட்டடத்தில் தீப்பிடித்தது. பின் அது இடிக்கப்பட்டது. இன்று அதைப் புகைப்படங்களில்தான் பார்க்க முடியும். பிக்காஸோவின் எஃகு உருவம் அதே இடத்தில் நிற்கிறது.

பிறகு நகரங்கள் பாடம் கற்றுக்கொண்டன. 1984-இல் ஃபிலடெல்ஃபியா நகர நிர்வாகம் சுவர்க் கிறுக்கல்களை ஒழிக்க ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. கிறுக்கிய பையன்களையே சுவரோவியம் தீட்டப் பழக்கினார்கள். 1996-இல் அது தனித் திட்டமாயிற்று. அங்கே இதுவரை தீட்டப்பட்டவை 4000-க்கு மேல். ஊர்க்கூட்டம், ஒப்புதல், நிதி, பராமரிப்பு எல்லாம் ஒழுங்காக நடக்கின்றன. பல சுவர்கள் நல்ல ஓவியங்கள். 1990-இல் கென்ட் ட்விட்செல் தீட்டிய ஜூலியஸ் எர்விங்கின் ஓவியத்தில், அந்தக் கூடைப்பந்து வீரர் விளையாட்டு உடையில் இல்லை. கோட்டு சூட்டில் நிற்கிறார். அந்தத் தெருப் பையன்களுக்கு அந்த உடையின் அர்த்தம் புரிந்திருக்கும்.

அதே நகரத்தில், இத்தாலியச் சந்தைப் பகுதியில், ஃப்ராங்க் ரிஸ்ஸோவின் பெரிய முகம் 1995-இல் ஒரு சுவரில் ஏறிற்று. ரிஸ்ஸோ போலீஸ் கமிஷனராக இருந்தவர், 1972 முதல் 1980 வரை மேயர். அந்தச் சந்தைக்காரர்கள் பலருக்கு அவர் நம்ம ஆள். கறுப்பின மக்களுக்கு அவர் லத்தி. அவர்கள் அந்த முகத்தைக் கடந்து கால் நூற்றாண்டு காலம் காய்கறி வாங்கிப் போனார்கள். வண்ணத்தை எறிந்தார்கள், துடைத்துச் சீர்செய்யப்பட்டது. 2020 மே மாதத்தில் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸ்காரர் முழங்காலின் கீழ் இறந்து, நாடு முழுவதும் தெருவுக்கு வந்த பிறகே, ஜூனில் அந்தச் சுவர் மூடப்பட்டது.

இரண்டு அழிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்றுக்குச் சில வாரங்கள் போதுமாக இருந்தது. மற்றதற்கு 25 ஆண்டுகளும் ஒரு கிளர்ச்சியும் தேவைப்பட்டன. 43-ஆம் தெருவில் அழித்தவர்கள் தவறு செய்திருக்கலாம். செய்தார்கள் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் தவறு செய்யும் தூரத்தில் அவர்கள் இருந்தார்கள். யார் அழித்தது, ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் அந்தத் தெருவிலேயே இருந்தார். அவரோடு சண்டை போட முடிந்தது. ரிஸ்ஸோ சுவரின் எதிரில் நின்றவர்களுக்கு நெடுங்காலம் அப்படி ஒரு ஆள் அகப்படவில்லை. நாயகர்களின் பட்டியல் ஸ்தாபனத்தின் கைக்குப் போனதும் முதலில் போய்விடுவது இந்தச் சண்டைதான். வண்ணம் மங்காது, பட்டியல் மட்டும் உறைந்துவிடும்.

ப்ரூக்ஸிடம் திரும்புகிறேன். 1950-இலேயே புலிட்ஸர் பரிசு பெற்றுவிட்டவர், அதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர். பெரிய நியூயார்க் பதிப்பகத்தின் கவிஞர். சுவரில் ஏறியதோடு அவர் வேலை முடிந்ததென்று வைத்துக்கொண்டிருக்கலாம். அவர் அந்தப் பதிப்பகத்தை விட்டுவிட்டு, டெட்ராய்டில் டட்லி ராண்டல் என்ற கவிஞர் நடத்திவந்த சிறு பதிப்பகத்துக்கு 1969-இல் தன் அடுத்த நூலைக் கொடுத்தார். முழு நூலுமே மெல்லிய ஒரு புத்தகம். தன் முகத்தின் முன்னால் நின்று கவிதை வாசித்த ஒருவர், அந்த முகத்துக்கு ஏற்றபடி எழுதாமல், அந்தத் தெருவுக்கு எழுதப் போனார். அவர் 2000 வரை இருந்தார். சுவரில் தீட்டிய முகம் நாலு வருஷம்தான் இருந்தது.